லாரி நிற்கட்டும்

விடிவதற்கு முன்பே மல்லாட்டை மண்டியில் தூசி மூக்கை அடைத்துவிடும். மூட்டை தூக்க மொத்தம் பதினோரு பேர். ஒவ்வொரு கழுத்தின் மேலும் எண்பது கிலோ நிலக்கடலைப் பருப்பு மூட்டை. முதலாளி அப்பாதுரை தராசுக்குச் சூடம் காட்டிய பிறகுதான் எடையில் கைவைப்பார். அந்த விஷயத்தில் பக்தி ஜாஸ்தி.

தை மாதம் ஒரு நாள், லாரிக்குப் போட்ட பலகையில் ஏறும்போது, தலைக்குள்ள என்னமோ வெடிச்சிடுச்சுன்னு சொல்லி மூட்டையோடு விழுந்தான் தருமன். வாந்தி எடுத்தான். கழுத்து விறைத்துவிட்டது. மூட்டை தூக்குகிறவனுக்குக் கழுத்து விறைத்தால் அது சுளுக்குத்தான். கூட்டாளி வேணு, தலைக்கு முன் கால் வெளிவந்து பிறந்தவன். அவன் கால் பட்டால் சுளுக்கு விடும் என்பது மண்டியின் நம்பிக்கை. எண்ணெய் தடவிக் குதிகாலால் நீவினான். வேன் கேட்டதற்கு முதலாளி, லோடு ஏறட்டும் என்றார். நினைவு தப்பிய பிறகுதான் தூக்கிக்கொண்டு ஓடினார்கள். அதற்குள் மூன்று மணி நேரம் போயிருந்தது.

வேலூரில் ஆபரேஷன். மூளை ரத்தக்குழாயில் பலூன் மாதிரி உப்பியிருந்த இடம் வெடித்திருக்கிறது என்றார் டாக்டர். உயிர் தங்கியது. வலக்கை, வலக்கால், பேச்சு தங்கவில்லை.

எவ்வளவு தேறுவான் என்று கேட்டாள் மனைவி காசியம்மாள். வயது முப்பத்தெட்டு, அது நல்லது. தாமதமாக, நினைவில்லாமல் கொண்டுவந்தது கெட்டது. இனி முதல் ஆறு மாதம் ஒரு நாள் விடாமல் கை கால் பயிற்சி. ஆட்கள் பேச்சுக் கொடுத்துக்கொண்டே இருக்க வேண்டும் என்றார் டாக்டர். அதற்குப் பிறகு வேணு யார் கழுத்தையும் தொடுவதில்லை.

உள்ளூர் ஆஸ்பத்திரியில் பயிற்சி காலை ஒன்பது மணிக்கு. லோடு ஏறுகிற நேரமும் அதுதான். காசியம்மாள் பத்து நாள் ஒற்றையாய்த் தூக்கிப் பார்த்தாள். பதினோராம் நாள் இருவரும் வாசற்படியில் விழுந்து கிடந்தார்கள்.

வேணு முதலாளி முன்னால் போய் நின்றான்.

"தெனம் ஒம்பதுக்கு நாங்க தருமன தூக்கினு போறோம். திரும்பி வர்ற வரைக்கும் லாரி நிக்கட்டுங்க."

"அவன் எழுந்துடுவான்னு டாக்டர் எழுதிக் குடுத்தாரா?"

"இல்லீங்க."

"அப்ப என் லாரி எதுக்குடா நிக்கணும்?"

"அன்னிக்கே நின்னிருந்தா இன்னிக்கு கேட்டிருக்க மாட்டோங்க."

பத்துப் பேரும் தலையிலிருந்து சும்மாட்டை அவிழ்த்தார்கள். பக்கத்து ஊர் கீழ்பென்னாத்தூரில் ஆளுக்கா பஞ்சம் என்றார் முதலாளி.

மறுநாள் அந்த ஊர் ஆட்கள் வேனில் வந்து இறங்கினார்கள். மண்டி வாசலில் பத்துப் பேர். நடுவில், சரிந்துவிடாமல் நாற்காலியோடு துண்டால் கட்டப்பட்ட தருமன், பக்கத்தில் காசியம்மாள். வந்தவர்கள் விஷயத்தைக் கேட்டார்கள். அவர்களில் மூத்தவர் சுப்பிரமணி, தொங்கிக் கிடந்த வலக்கையை எடுத்துத் தருமன் மடியில் வைத்தார்.

"உன் பேரு இன்னாப்பா?"

வாய் கோணிக்கொண்டு நெடுநேரம் முயன்றான். சத்தம் வந்தது, பேர் வரவில்லை. காசியம்மாள் முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

"பரவால்ல, நாளைக்கு சொல்லு" என்று சுப்பிரமணி, ஆஸ்பத்திரிக்குக் கிளம்ப நாற்காலியின் ஒரு காலைப் பிடித்துத் தூக்கினார்.