சேர்ந்து அடித்தால் இரண்டு மணி நேரம்

ஏணியிலிருந்து விழுந்த பிறகு பெயிண்டருக்கு வலது கை தலைக்கு மேலே எழும்பவில்லை. தூக்கினால் தோளில் சுள்ளென்று இழுக்கும். அதனால் மேல்சுவரும் கூரையும் மனைவி பாடு, இடுப்புக்குக் கீழே அவர் பாடு. கல்யாணமான புதிதில் அவரிடம்தான் அவள் பிரஷ் பிடிக்கப் பழகினாள். இப்போது அவர் ஒரு மூலையை முடிப்பதற்குள் அவள் அடுத்த சுவருக்குப் போய்விடுகிறாள். அது அவரை உள்ளுக்குள் அரித்துக்கொண்டே இருந்தது.

அன்று மதியம், காலியாகக் கிடந்த ஒரு வீட்டு ஹாலில் சாப்பிட்டு முடித்தார்கள். பாதியில் விட்ட பள்ளிப் படிப்பை முடித்தே தீருவேன் என்று அவள் ஒற்றைக்காலில் நின்ற சமயம் அது. பரீட்சை நெருங்கிவிட்டதால், வேலைக்கு வரும்போதும் கணக்குப் புத்தகம் கூடவே வந்தது.

“நாளையிலேர்ந்து நான் வரலை,” என்றார் பெயிண்டர், டப்பாவை மூடிக்கொண்டே. “ஒரு வாட்ச்மேன் வேலை சொல்லியிருக்காங்க. நீ வேகமா அடிக்கிற ஆளாப் பாத்து வெச்சுக்கோ. நான் உனக்கு இடைஞ்சல்.”

அவள் ப்ரைமர் பூச்சு மட்டும் அடித்திருந்த சுவரில் பென்சிலால் கணக்குப் போட ஆரம்பித்தாள்.

“காதுல விழுந்துச்சா?”

“விழுந்துச்சு. இதை முடிச்சிட்டுப் பேசறேன், இருங்க.”

புத்தகத்துக் கணக்கு இதுதான்: இருவர் சேர்ந்தால் ஒரு வேலை இரண்டு மணி நேரத்தில் முடியும். தனித்தனியாகச் செய்தால், ஒருவரைவிட மற்றவருக்கு மூன்று மணி நேரம் குறைவு. மெதுவான ஆளுக்கு x மணி என்று வைத்தாள். ஒரு மணியில் அவர் செய்வது 1/x பங்கு, மற்றவர் 1/(x−3) பங்கு, இரண்டும் சேர்ந்து 1/2. பொது மடங்கால் பெருக்கிப் பின்னங்களை ஒழித்துக்கட்டினாள்.

“ரெண்டு விடை வருதுங்க. ஆறு, இல்லாட்டி ஒண்ணு.”

“ஒண்ணுன்னே போடேன். மெதுவான ஆளு, பாவம், சீக்கிரம் முடிச்சிட்டுப் போகட்டும்.”

“அப்ப வேகமான ஆளுக்கு மைனஸ் ரெண்டு மணி வரும்.”

“ஆரம்பிக்கிறதுக்கு முன்னாடியே முடிச்சிடுவாளா?” என்று கேட்ட பிறகுதான் ‘அவள்’ என்று சொல்லிவிட்டது அவருக்கே உறைத்தது.

அவள் சிரித்துக்கொண்டே ஒன்று என்ற விடையைக் கோடு போட்டு அடித்தாள். “அப்ப அவருக்கு ஆறு, அவளுக்கு மூணு.”

“அதைத்தானே நானும் சொல்றேன். உன் வேகத்துல பாதி.”

“தனியா அடிச்சா அவளுக்கு மூணு மணி. அந்த மெதுவான மனுஷன் கூட இருந்தா ரெண்டு. இதுல இடைஞ்சல் எங்க வருது?”

பெயிண்டர் சுவரையே பார்த்தார். “வேகமான ஆள் வந்தா இன்னும் குறையும்,” என்றார் மெல்ல.

“குறையட்டும். காலையிலேர்ந்து சாயங்காலம் வரைக்கும் அவன்கிட்ட நான் என்னத்தைப் பேசுவேன்?”

அவர் ரோலரை எடுத்து அடிச்சுவரில் ஓட்டத் தொடங்கினார். வாட்ச்மேன் வேலைக்கு வேறு யாரோ போனார்கள்.

பரீட்சை முடிவைச் சொல்லப் போன் வந்தபோது இருவரும் ஒரு மாடிப்படிக் கைப்பிடிக்கு வார்னிஷ் அடித்துக்கொண்டிருந்தார்கள். கையெல்லாம் பிசுபிசுப்பு. அவள் முழங்கையால் அழுத்திப் போனை ஸ்பீக்கரில் போட்டாள். கணக்கில் தட்டுத்தடுமாறித் தேறியிருந்தாள்.

“பாஸ்தானே?”

“பாஸ்தான்.”

“சரி, காயறதுக்குள்ள அந்தப் பக்கத்தை முடி,” என்று சொல்லிவிட்டு முகத்தைத் திருப்பிக்கொண்ட பெயிண்டர், ஏற்கெனவே அடித்த இடத்தையே மறுபடி மறுபடி அடித்துக்கொண்டிருந்தார்.