உயிரோடு போய்ச் சேரவேண்டியது

நிலக்ஷியின் முழங்கைக்குக் கீழே மரத்துப்போக ஊசி போட்டு, அரிசி அளவு தோலை வெட்டியெடுத்துக் குப்பியில் போட்டாள் கண்டி லேபிலிருந்து ஆராய்ச்சிக்காக வந்திருந்த சுலக்ஷனா. குப்பியை ஐஸ் பெட்டிக்குள் வைத்து மூடியதும் கடிகாரத்தைப் பார்த்தாள். தேயிலைத் தோட்ட டிஸ்பென்சரி வாசலில் வேன் ஸ்டார்ட்டிலேயே நின்றது. சுவரோரமாக நின்ற ஜீவராணிக்கு அந்த வேனைக் கண்டதிலிருந்தே வயிறு எரிந்தது.

நிலக்ஷி அவளுக்கு ஒரே மகள். தோல் நாளுக்கு நாள் இறுகிப்போகும் நோய். அதன் பேர் வாயில் நுழையாது. முதலில் கொழுந்து எடுக்கும் விரல்கள் குளிரில் வெளுத்து நீலம் பாரித்தன. பிறகு வாய் திறந்து ஒரு கவளம் சோறு தின்ன முடியாமல் போயிற்று. இப்போது நெஞ்சுக்குள்ளும் இறங்கிவிட்டது. உடனே கண்டிக் கிளினிக்குக்குக் கூட்டிவரச் சொல்லிவிட்டார்கள். சொல்வதற்கு என்ன, வாய் வலிக்குமா? இந்த மலையிலிருந்து எதில் ஏறிப் போவதாம்? போன வாரம் மூச்சு முட்டியபோது தோட்ட வாகனம் ரிப்பேர் என்றார்கள். கெஞ்சிக் கூத்தாடிக் கொழுந்து லொறியில் ஏறினால், லொறிக்காரன் பாதி வழியில் இறக்கிவிட்டு ஃபெக்டரிக்குத் திருப்பிவிட்டான். சுணங்கினால் கொழுந்து சூடேறிக் கெட்டுவிடுமாம். மழையில் நனைந்துகொண்டே இரண்டு பேரும் லயத்து வீட்டுக்குத் திரும்பினார்கள்.

“ஏன் மிஸ், இம்புட்டு அவசரம்?” என்று கேட்டாள் ஜீவராணி.

“இதுல இருக்கிற ஒவ்வொரு செல்லையும் தனித்தனியாப் பிரிச்சு, அதுக்குள்ள எந்தெந்த மரபணு வேல செய்யுதுன்னு பார்ப்போம்மா. எந்த செல்லு தோல இறுக்குதுன்னு அப்பதான் பிடிபடும். அதுக்கு இது உசுரோட போய்ச் சேரணும். செத்துப்போனா பிரயோசனமில்ல.”

உசுரோட. ஜீவராணிக்குத் தலைக்கேறியது.

“அப்ப எம்புள்ளையையும் ஏத்துங்க.”

“இது ஆராய்ச்சி வேன்மா. நோயாளிய ஏத்த அனுமதியில்ல. நானும் டிக்கோயாப் பக்கம் லயத்துல பொறந்தவதான். உங்க கஷ்டம் எனக்குப் புரியாதா?”

“புரிஞ்சுக்கிட்டே விட்டுட்டுப் போறியா?”

மரியாதை பறந்துவிட்டது. ஒரே எட்டில் பாய்ந்து பெட்டியைத் தூக்கி மாரோடு அணைத்துக்கொண்டாள்.

“அம்மா, விடும்மா,” நிலக்ஷிக்கு மூச்சிரைத்தது. “நான் சம்மதிச்சுத்தானே எடுத்தாங்க.”

“தோல எடுக்கச் சம்மதிச்ச. சாகவுமா சம்மதிச்ச?” மகளிடம் சீறிவிட்டு, சுலக்ஷனா பக்கம் திரும்பினாள். “கொழுந்து கெட்டுருமுன்னு எம்புள்ளைய ரோட்டுல எறக்கிவிட்டானுக. இன்னைக்கு அவ சதை கெட்டுருமுன்னு அவளையே விட்டுட்டுப் போறீங்க. நல்லா இருக்குடி ஒங்க நியாயம்! போ, இந்தப் பெட்டி இல்லாமப் போ!”

சுலக்ஷனா கடிகாரத்தைப் பார்த்தாள். அவள் வாய் திறப்பதற்குள் ட்ரைவர் மேர்வின் வேனின் பின்கதவை இழுத்துத் திறந்துவிட்டான்.

தாயையும் மகளையும் ஏற்றிக்கொண்டு வேன் கண்டிக்கு இறங்கியது. நிலக்ஷியின் விரல்களுக்குக் குளிர் ஆகாது என்பதால் ஜீவராணியே பெட்டியை மடியில் வைத்திருந்தாள். சேலையைத் தாண்டித் தொடை விறைத்தது. யார் கேட்டும் அதைக் கொடுக்கவில்லை.

கண்டிக்குள் நுழையும் சந்தியில் மேர்வின் வேகத்தைக் குறைத்தான்.

“லேபுக்கு எடப்பக்கம், ஆஸ்பத்திரிக்கு வலப்பக்கம். மொதல்ல எங்க மிஸ்?”

சுலக்ஷனா மறுபடி கடிகாரத்தைப் பார்த்தாள். தாயின் தோளில் சாய்ந்திருந்த நிலக்ஷி வாயால் மூச்சு வாங்கிக்கொண்டிருந்தாள்.  ஜீவராணி பெட்டி மூடியின் கொக்கியை நெம்பத் தயாராக அதில் கட்டைவிரலை வைத்தாள்.