அம்ஸ்க்ரூத் இறக்கத்தின் மேலே

ரக்கியாவுக்கு முப்பத்தெட்டு வயதில் வேலை போனது. பியூக்ரா என்ற ஊரில் தக்காளியைப் பெட்டியில் அடுக்கி வெளிநாட்டுக்கு அனுப்பும் கொட்டகையில் பதினோரு வருடம் உழைத்தவள் அவள். கடைசி நான்கு வருடம் ஃபோர்க்லிஃப்ட் ஓட்டினாள். லாரியின் குளிர்பெட்டிக்குள் பெட்டிகளைக் கொண்டுபோய் வைப்பதில் அவள் கை பிசகியதே இல்லை. புது இயந்திரம் வந்ததும் நாற்பது பெண்களோடு அவளையும் அனுப்பிவிட்டார்கள். கணவன் விட்டுப்போய் ஆறு வருடம். மகள் வியாமோடு தங்கை யாம்னாவின் வீட்டில் ஓர் அறையில் இருந்தாள்.

“இத்தனை வருஷம் லாரில சரக்கு ஏத்தினேன். இனிமே லாரியையே ஓட்டப் போறேன்” என்றாள் ஒரு நாள் காலை, ரொட்டியை ஆலிவ் எண்ணெயில் தோய்த்தபடி.

யாம்னா சிரிக்கவில்லை. “கத்துக்க எத்தனை நாளாகும்?” என்று மட்டும் கேட்டாள்.

லாரி ஓட்டக் கற்றுத்தரும் இரண்டு பள்ளிகளுக்கு ரக்கியா போய்ப் பார்த்தாள். ஒன்று இனெஸ்கான் பேருந்து நிலையத்துக்குப் பின்னால். அதை நடத்திய புஷ்தா என்பவர் எழுந்துகூட நிற்கவில்லை. “ஆறே வாரம்மா. பரிட்சைல என்ன கேப்பானோ அதை மட்டும் சொல்லித் தருவேன். லைசென்ஸ் கைக்கு வந்துரும்.”

மற்றது ஐத் மெல்லூலில். அங்கே பயிற்சி ஐந்து மாதம். “சரக்கு ஏத்தின வண்டில மலைக்குக் கூட்டிட்டுப் போவோம். மழை பெஞ்சாலும் போவோம்” என்றாள் அங்கிருந்த எழுத்தர் பெண். “பாதிப் பேரு ரெண்டாம் மாசமே ஓடிப் போயிருவாங்க. நீங்க எப்படி?”

ரக்கியாவுக்கு இந்த இடம்தான் பிடித்தது. வீட்டுக்கு வந்து சொன்னாள். யாம்னா வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தாள். “நல்ல இடமாத்தான் தெரியுது. ஆனா அக்கா, அஞ்சு மாசம் நாம எல்லாரும் என்னத்தைத் திங்கிறது?”

அவள் குரலில் கோபமில்லை. மறுநாள் இனெஸ்கான் போய்ப் பெயர் கொடுத்தாள்.

ஆறு வாரமும் ஒரு மைதானத்தில் வெறும் வண்டியை முன்னும் பின்னும் ஓட்டினாள். பரீட்சையில் முதல் தடவையே தேறினாள். அதன்பிறகு வேலைக்கு அலைந்தாள். போன இடத்திலெல்லாம் ஒரே பேச்சு: ரெண்டு வருஷம் ஓட்டிட்டு வாங்க. ஓட்ட யாராவது வண்டி கொடுத்தால்தானே? இரண்டு மாதம் அலைந்ததில் செருப்பு தேய்ந்தது, முகமும் தேய்ந்தது.

மூன்று லாரி வைத்திருந்த அப்தெல்மூலா மட்டும் கேள்வி கேட்கவில்லை. “லைசென்ஸ் இருக்கா? நாளைக்குக் காசாபிளாங்கா. முக்தார் முன்னாடி போவான், நீ பின்னாடியே போ.”

போகும்போது காலி வண்டி, தொல்லையில்லை. திரும்பும்போது உரமூட்டை, இருபத்தைந்து டன். மராகேஷ் தாண்டி மலைச்சாலை ஏறி, ஒரு சின்னச் சரிவில் இறங்கும்போது வண்டி அவளைத் தள்ளிக்கொண்டு போயிற்று. பிரேக்கை மிதித்தாள், விடாமல் மிதித்தாள். அம்ஸ்க்ரூத் பெரிய இறக்கத்துக்கு முன்னாலுள்ள ஓய்விடத்தில் நிறுத்தி இறங்கியபோது சக்கரங்களிலிருந்து கருகின நாற்றம் அடித்தது.

ஐம்பது வயது முக்தார் வந்து குனிந்து பார்த்தார். “மிதிச்சே கொன்னுட்டியா? ஆறட்டும். எறக்கத்துல எந்த கியர்ல போவே?”

“தெரியாது அண்ணே.”

“எஞ்சின் பிரேக்கு?”

“அப்படி ஒண்ணு இருக்குன்னே சொல்லித் தரலை.”

முக்தார் நெற்றியைத் தேய்த்துக்கொண்டார். ரக்கியா முதலாளிக்குப் போன் போட்டாள்.

“என்ன, வண்டி நின்னுருச்சா?” என்றார் அப்தெல்மூலா.

“வண்டி நல்லாத்தான் இருக்கு. நான்தான் நின்னுட்டேன். எனக்கு இந்த எறக்கம் எறங்கத் தெரியாது.”

“லைசென்ஸ் இருக்குன்னு சொன்னியே?”

“அதுல எறங்கத் தெரியும்னு எழுதலையே.”

“அப்ப அங்கயே ஒரு டீக்கடை போட்டு உக்காந்துக்கோ. என் வண்டிக்கு வேற ஆள் பாத்துக்கிறேன்.” போன் அணைந்தது.

முக்தார் தன் வண்டியைக் கீழே கொண்டுபோய் விட்டுவிட்டு, யாரோ ஒருவர் காரில் தொற்றிக்கொண்டு திரும்பி வர நாலு மணி நேரமானது. அதுவரை ரக்கியா சிமெண்ட் பெஞ்சில் உட்கார்ந்திருந்தாள். லாரிகள் ஒவ்வொன்றாக அவளைக் கடந்து இறங்கின. வெட்கப்படக்கூட அவளுக்குத் தெம்பில்லை. தூங்க இடம் கிடைத்தால் போதுமென்றிருந்தது.

முக்தார் ஓட்ட, பக்கத்து இருக்கையில் அமர்ந்து பார்த்துக்கொண்டே வந்தாள். மேலேயே கியரைக் குறைத்துவிட்டார். எஞ்சினே இழுத்துப் பிடிக்க, வண்டி முனகிக்கொண்டு மெதுவாக இறங்கியது. அவர் கால் பிரேக்கை எப்போதோதான் தொட்டது.

“இவ்வளவுதானா?”

“இவ்வளவுதான். ஆனா மேலயே செய்யணும். பாதில போயி யோசிச்சா முடியாது.” அடுத்த வளைவில் வண்டியைத் திருப்பியபடி, “நானும் முதல் வருஷம் கருக்கினவன்தான். ஆனா நான் நிறுத்தலை. மடத்தனமா எறங்கிட்டேன். எப்படிப் பொழைச்சேன்னு இன்னிக்கும் தெரியலை” என்றார்.

அடுத்து டிரைவர் வேலை கேட்டுப் போனபோது முதல் கேள்வியை ரக்கியா கேட்டாள். ஐத் மெல்லூலில் ஒரு மாவு ஆலை. “எத்தனை நாள் பக்கத்துல ஆள் உக்காருவாங்க?”

கணக்கர் நிமிர்ந்து பார்த்தார். “கேள்வி கேக்கிறது எங்க வேலைம்மா.” பிறகு சொன்னார்: “மூணு மாசம். அதுவரைக்கும் பாதிச் சம்பளம்தான். மூட்டையும் எறக்கணும்.”

“சரி.”

பக்கத்தில் உட்கார்ந்தவன் மஹ்ஜூப், அவளைவிட எட்டு வயது சின்னவன். நாளெல்லாம் ஒரே பாட்டு: “அக்கா, பிரேக்கை விடு. விடுக்கா. அது என்ன புருஷனா, அந்த மிதி மிதிக்கிறே?” அவளுக்குச் சிரிப்பு வரும்; சில நாள் அழுகை வரும். முழங்கால், இடுப்பு, தோள் எல்லாம் வலித்தன. வாரத்தில் இரண்டு நாள் தாரூதாந்த் வரை போய்வந்தார்கள். யாம்னா பக்கத்து வீட்டுத் துணிகளைத் தைத்து அந்த மூன்று மாதத்தை ஓட்டினாள்.

நாலாம் மாதம் ரக்கியாவிடம் தனி வண்டி கொடுத்தார்கள். கொட்டகையில் வாங்கிய சம்பளம்தான் இங்கேயும். உடம்பு அலுப்பும் ஏறக்குறைய அதே.

முதல் நாள் ஒரு ரொட்டிக்கடை வாசலில் வண்டியைப் பின்னால் எடுத்து நிறுத்திவிட்டு இறங்கினாள். கடைக்காரர் வெளியே வந்து, அவளைத் தாண்டி வண்டிக்குள் எட்டிப் பார்த்தார்.

“டிரைவர் எங்கம்மா?”

“வந்துட்டாரு” என்றாள் ரக்கியா, கையுறையை மாட்டிக்கொண்டே. “கிடங்கைத் தொறங்க அண்ணே. இன்னும் ஏழு கடை பாக்கி இருக்கு.”