ஒன்றும் நடக்காத காட்சி

என் கணவர் புவனேந்திரனுக்கு ஒன்றும் நடக்காத காட்சி என்றாலே ஆகாது. லண்டனில் கலியாண வீடு, சாமத்திய வீடு என்று ஓடி ஓடிப் படம் எடுப்பவர், பிறகு கடையில் கணினிக்கு முன்னால் இருந்து வெட்டுவார். மணப்பெண் சேலை மாற்றப் போனால் வெட்டு. ஐயர் ஓமத்துக்கு விசிறினால் வெட்டு. பெரியவர்கள் கதிரையில் இருந்து வெறித்துப் பார்த்தால் கட்டாயம் வெட்டு. எங்கள் சனமும் லேசுப்பட்டதில்லை. திரையில் கொஞ்ச நேரம் அசைவில்லாவிட்டால், "கமெராக்காரன் நித்திரையாப் போட்டானோ?" என்று கேட்டுவிடும்.

நாங்கள் பாரிஸில் பல வருடம் இருந்துவிட்டு வந்து தோர்ண்டன் ஹீத்தில் கடை போட்டவர்கள். 2009 செப்ரெம்பரில் ஒரு நாள், பழைய வீடியோ கசட்டை டிவிடி ஆக்கித் தருவோம் என்ற அறிவித்தலைப் பார்த்து ஒரு வெள்ளைக்காரக் கிழவர் உள்ளே வந்தார். ஆங்கிலத்தில் தடக்குப்பட்டார். நான் பிரெஞ்சில் கேட்டதும் முகம் மலர்ந்துவிட்டது. பெயர் அந்தேரோ வலாடஸ். போர்த்துக்கல்காரர். சர்வாதிகார ஆட்சிக் காலத்தில் நாட்டை விட்டுத் தப்பி, எங்களைப் போலவே பாரிஸில் இருந்தவர். இப்போது பக்கத்துத் தெருவில் மகளோடு இருக்கிறாராம்.

அறுபதுகளில் 'திங்கட்கிழமையின் கடல்' என்று ஒரு படம் எடுத்தாராம். அந்தக் காலத்தில் போர்த்துக்கலில் புது மாதிரிப் படம் எடுக்கக் கிளம்பிய இளைஞர்களில் அவரும் ஒருவர். கணவனை ஆபிரிக்காச் சண்டைக்குப் பிடித்துக்கொண்டு போன பிறகு ஒரு மீனவப் பெண் வீட்டில் காத்திருக்கும் கதை. படச்சுருள் வெள்ளத்தில் அழிந்துபோயிற்று. பிரெஞ்சுத் தொலைக்காட்சியில் ஒருமுறை போட்டபோது பதிவு செய்த இந்தக் கசட் மட்டும்தான் மிச்சம். ஸ்டொக்வெல்லில் உள்ள போர்த்துக்கீசச் சங்கத்தில் சனிக்கிழமை அதைத் திரையிடப் போகிறார்கள்.

கசட்டில் பூஞ்சணம் பிடித்திருந்தது. "ஒருமுறை ஓடினாலே பெரிய காரியம்" என்று இவர் சொன்னார். கிழவர் தலையாட்டினார். சொன்னபடியே அது ஒருமுறை முழுதாக ஓடிக் கணினியில் ஏறியது. திரும்பச் சுற்றும்போது நாடா அறுந்து கசங்கிப்போயிற்று. கலியாணக் காலம், கணினியில் இடமில்லை. இவர் வழக்கம்போல வெட்டி முடித்துவிட்டு மூலத்தை அழித்துவிட்டார். பாட்டுப் போடாமல் விட்டது நான் கும்பிடும் பிள்ளையாரின் புண்ணியம்.

வெள்ளிக்கிழமை வலாடஸ் வந்தார். கடைத் தொலைக்காட்சியில் டிவிடியைப் போட்டோம். கிழவர் இருக்க மாட்டேன் என்று நின்றுகொண்டே பார்த்தார். அந்த மீனவப் பெண் சமையலறைக்குள் வந்தாள், கதிரையை இழுத்தாள், மேசைக்கு முன்னால் இருந்தாள். உடனே துறைமுகம் வந்துவிட்டது.

"நிறுத்துங்கள். அவள் எங்கே?" என்றார்.

இவர் சந்தோஷமாகத்தான் விளக்கினார். "அந்த இடத்தில் கமெராவை நிப்பாட்ட மறந்துவிட்டார்கள், ஐயா. அந்த அம்மா பேசாமல் எங்களையே பார்த்துக்கொண்டு இருந்தா. கனநேரம். நான் எடுத்துவிட்டேன்."

கிழவர் அப்போதுதான் கதிரையில் இருந்தார். கோபப்படவில்லை. "தணிக்கைக்காரர்கள் அவள் பேசியதையெல்லாம் வெட்டினார்கள்" என்றார். "சண்டை என்று வந்த ஒவ்வொரு சொல்லையும் வெட்டினார்கள். இந்தக் காட்சியை மட்டும் விட்டார்கள். இதில் ஒன்றும் நடக்கவில்லை என்று நினைத்துவிட்டார்கள். பிறகு சனம் இந்தக் காட்சிக்காகத்தான் படத்தைப் பார்த்தது."

டிவிடியை எடுத்துக்கொண்டு, நன்றி சொல்லிவிட்டுப் போனார். அந்த நன்றிக்குப் பதிலாக அவர் எங்கள் இருவருக்கும் இரண்டு அறை விட்டிருக்கலாம்.

இவர் என்னிடம் வீறாப்பாக, "நீர் ஏன் முகத்தைத் தூக்கி வச்சிருக்கிறீர்? ஆர் பாத்தாலும் அது பிழையா விடுபட்டதெண்டுதான் நினைப்பினம்" என்றார்.

எனக்கு வந்த கோபத்துக்கு அளவில்லை. "சித்திரையில வன்னிச் சண்டையை நிப்பாட்டச் சொல்லிப் பாராளுமன்றத்துக்கு முன்னால சனம் நிண்டதை மணிக்கணக்கா எடுத்தனீங்கள் எல்லே? அதில என்ன நடந்தது? சும்மா நிண்டதுகள். மழையில நிண்டதுகள். அதில ஒரு நிமிஷமாவது வெட்டினீங்களோ?"

"அது வேற, லலிதா."

"என்ன வேற?"

அந்த மாதங்களில் வன்னியில் சண்டைக்குள் இவருடைய தங்கை குடும்பத்தோடு அகப்பட்டிருந்தாள். தொலைபேசிக்குப் பக்கத்தில் நாங்களும் அப்படித்தான் இருந்தோம், பேசாமல், சுவரைப் பார்த்துக்கொண்டு. அவள் வைகாசியோடு இல்லாமல் போனாள். அதை நினைத்து நான் அழுதேன். இவர் கடையைப் பூட்டிவிட்டு நேரே கிழவரின் மகள் வீட்டுக்குப் போனார்.

திரும்பி வந்தபோது கண்கள் சிவந்திருந்தன. "நாளைக்கு என்னை வரட்டாம்" என்றார். "வெட்டின இடம் எனக்குத்தானே தெரியும். அதில நான் நிப்பாட்டவேணுமாம். தான் கை காட்டேக்க திரும்பப் போடட்டாம்."

"அதுவரைக்கும் இருட்டுத் திரையையே சனம் பாக்கப்போகுது?"

"நானும் அதைத்தான் கேட்டனான். ஓமெண்டார்."

சனிக்கிழமை பின்னேரம் சங்க மண்டபம் நிறைந்துவிட்டது. வந்தவர்கள் பெரும்பாலும் வயதானவர்கள். சண்டைக்குப் பயந்து நாட்டை விட்டு ஓடிய ஆண்கள், போனவர்களுக்காக வீட்டில் காத்திருந்த பெண்கள். வலாடஸ் முன்வரிசையில் இருந்தார். தொடக்கத்திலேயே எழுந்து, ஒரு காட்சி தொலைந்துவிட்டது, அதற்குரிய நேரத்தை நாம் இருந்து கழிப்போம் என்று மட்டும் சொன்னாராம். யார் தொலைத்தது என்று சொல்லவில்லை. பக்கத்தில் இருந்த பெண்தான் எனக்கு மொழிபெயர்த்தாள். இவர் பின்னால் இயந்திரத்தோடு நின்றார்.

திரையில் அந்த மீனவப் பெண் கதிரையை இழுத்தாள். மேசைக்கு முன்னால் இருந்தாள். இவர் அழுத்தினார். திரை கறுத்தது.

முதலில் இருமல், கதிரை இழுபடும் சத்தம். யாரோ சிரித்தார்கள். பிறகு அதுவும் அடங்கியது. எனக்கு இரண்டு வரிசை முன்னால் இருந்த ஒரு கிழவி கைப்பையை மடியில் வைத்து இறுக்கிப் பிடித்துக்கொண்டு திரையையே பார்த்தாள். அதில் அவள் யாரையோ கண்டுகொண்டிருந்தாள் என்று நினைக்கிறேன். நான் என் மைத்துனியைக் கண்டேன்.

காட்சியின் நீளம் முடிந்திருக்கவேண்டும். கிழவர் கை காட்டவில்லை. திரும்பியும் பார்க்கவில்லை. சங்கத்துத் தலைவர் பின்னால் ஓடிவந்து, போடுங்கள், போடுங்கள் என்று இவருடைய தோளைத் தட்டினார். இவர் தலையை ஆட்டி மறுத்துவிட்டு, விரலைப் பொத்தானில் இருந்து எடுத்துக்கொண்டார்.