மூன்று பல் சீப்பு

அந்த அட்டையைப் பார்த்துச் சொல்ல எழுத்துத் தெரிந்திருக்க வேண்டியதில்லை. அதில் இருப்பது ஒரே உருவம்: மூன்று பல் உள்ள சீப்பு. ஓரிடத்தில் பல் மேலே பார்த்திருக்கும், இன்னோரிடத்தில் கீழே, வேறிடங்களில் வலப்பக்கமோ இடப்பக்கமோ. வரிக்கு வரி அளவு சிறுத்துக்கொண்டே போகும். இருபது அடி தள்ளி நின்று, பல் எந்தப் பக்கம் என்று கையால் காட்ட வேண்டும். எந்த வரியில் கண் தடுமாறுகிறதோ, அதை வைத்துப் பார்வை எவ்வளவு என்று சொல்லிவிடலாம்.

இவ்வளவு நல்ல ஏற்பாட்டைத் தாராவித் தமிழ்ப் பள்ளிக்கூடத்தில் அனந்தநாராயணன் வாத்தியார் ஒரே வாரத்தில் கெடுத்துவிட்டார். யுத்தம் முடிந்த மறு வருஷம் அது. கண் பார்க்க டாக்டர் வருவதற்கு முன்பே அட்டை வந்து சேர்ந்திருந்தது. வருகிறவர் யாரானாலும் இன்ஸ்பெக்டர், நடப்பது எதுவானாலும் பரீட்சை. அதுதான் அவர் எண்ணம். அட்டையைச் சுவரில் மாட்டி, பிரம்பால் தட்டித் தட்டி, "மேலே, வலது, கீழே, கீழே, இடது" என்று மூன்றாம் வகுப்பையே வாய்ப்பாடு போலப் பாட வைத்தார்.

முதலில் ஒப்பித்தவள் தங்கமயில். கரும்பலகை தெரியாத அவள் காதால்தான் பாடம் படித்தாள். ஆனால் பலகையில் எழுதிப்போடும் கணக்குக் காதில் விழாது. அதனால் இரண்டு வருஷமாக அதே வகுப்பு. இந்த வருஷமும் தேறாவிட்டால் தோல் கிடங்கு வேலைக்கு வரவேண்டியதுதான் என்று அம்மா ஆறுமுகத்தாய் சொல்லியிருந்தாள். கண்ணாடி என்று யாராவது ஆரம்பித்தால் தலையை ஆட்டிவிடாதே என்றும் சொல்லியிருந்தாள்.

டாக்டர் நஸீரா வராந்தாவின் கோடியில், நல்ல வெளிச்சத்தில் அட்டையை மாட்டினார். பிள்ளைகள் ஒவ்வொருவராக வந்து ஒரு தப்பும் இல்லாமல் காட்டிவிட்டுப் போனார்கள். தங்கமயில் கோட்டில் நின்று ஒரு கண்ணைப் பொத்திக்கொண்டாள். டாக்டரின் குச்சி நடு வரிக்கு வந்தது.

அவள் கை அசையவில்லை.

"சொல்லேன் கொழந்தே," என்றார் வாத்தியார். "நோக்குத்தான் நன்னாத் தெரியுமே."

"மனப்பாடமாத் தெரியும் சார். கண்ணுக்குத் தெரியல."

"கிளாஸ் பேரைக் கெடுக்காதே."

"நீங்க கண்ணாடியக் கழத்திட்டுச் சொல்லுங்க சார், நானும் சொல்லுதேன்."

வரிசையில் யாரோ சிரித்தார்கள். வாத்தியார் டாக்டரிடம் திரும்பி, இந்தப் பெண் கொஞ்சம் மந்தம் என்று இங்கிலீஷில் விளக்கத் தொடங்கினார். தங்கமயிலிடம் இங்கிலீஷ் இல்லை. தெருவில் பொறுக்கிய ஹிந்தி இருந்தது. வாத்தியாரை விட்டுவிட்டு நேராக டாக்டரிடமே சொன்னாள்: "நஹி திக்தா, பாயி." தெரியவில்லை அம்மா.

பின்னால் நின்ற பூலோகம் இரக்கப்பட்டு, "இடது, மேலே," என்று கிசுகிசுத்தான். அவன் அட்டைப் பக்கமே திரும்பியிருக்கவில்லை. அதை டாக்டர் கவனித்துவிட்டார்.

உடனே போய் அட்டையைத் தலைகீழாக மாட்டினார். மேலே பார்த்த சீப்பு இப்போது கீழே பார்த்தது, வலது இடதாயிற்று. பிறகு ஒரு தடித்த காகிதத்தில் ஊசியால் துளை போட்டு, தங்கமயிலின் கண்ணருகே பிடித்தார்.

கிட்டப்பார்வைக் கண்ணுக்குள் போகும் ஒளி, ஒரு புள்ளியாகக் கூடாமல் வட்டமாகச் சிந்திவிடும். வட்டத்தின்மேல் வட்டம் விழுந்து எல்லாம் கலங்கும். ஊசித்துளையோ மெல்லிய ஒரு கீற்றை மட்டுமே உள்ளே விடும். சிந்துவதற்கு அதிகம் மிச்சமில்லாததால் உருவம் தெளிந்துவிடும். துளையால் தெளிகிற கண் அநேகமாகக் கண்ணாடியாலும் தெளியும்.

தங்கமயிலின் கை எழுந்தது. பாட்டில் "மேலே" என்று வந்த இடத்தில் கீழே காட்டினாள், "வலது" வந்த இடத்தில் இடது. மிகச் சிறிய வரிக்கு முந்திய வரிவரை போனாள்.

டாக்டர் வகுப்பு முழுவதையும் திரும்பக் கூப்பிட்டார். கண் தெரிந்தவர்கள் புதிதாகப் பார்த்துக் காட்டினார்கள். தெரியாதவர்கள் பழைய பாட்டையே காட்டினார்கள்; பூலோகமும் அதில் சேர்த்தி. அவர்களையும் தங்கமயிலையும் கண்ணாடிக்காக ஆஸ்பத்திரிக்கு வரச் சொன்ன டாக்டர், துளைக் காகிதத்தைத் தங்கமயிலிடமே விட்டுவிட்டார். வாத்தியார் பிரம்பை மேஜைக்கு அடியில் வைத்துவிட்டார்.

சாயங்காலம் ஆறுமுகத்தாய் பள்ளிக்கூட வாசலில் நின்றாள்; சேதி அதற்குள் அவள் காதுக்குப் போயிருந்தது. "கண்ணாடி போட்டவள எவன்ட்டி கெட்டுவான்? தலைய ஆட்டாதன்னு சொன்னம்லா?"

"தலைய ஆட்டல. கையத்தான் ஆட்டுனேன்."

"வாயப் பாரு மூதிக்கு. ஆஸ்பத்திரியும் வேண்டாம் ஒண்ணும் வேண்டாம்."

"சரி, வேண்டாம்." தங்கமயில் துளைக் காகிதத்தைக் கண்ணில் வைத்துக்கொண்டு தெருவில் இறங்கினாள்.

துளைக்குள் தெரிவது சின்ன வட்டம்தான்; பக்கங்கள் மறைந்துபோகும். ஒரு கைவண்டியில் இடித்துக்கொண்டாள். தண்ணீர்க் குழாயடியில் நின்ற பெண்கள் குடத்தை வைத்துவிட்டுப் பார்த்தார்கள்.

"எறக்குட்டி அத," என்றாள் பின்னாலேயே வந்த அம்மா. "எல்லாரும் பாக்காவ."

"கண்ணாடி போட்டா எவனோ ஒருத்தன் வேண்டாம்பான். இதப் பிடிச்சுக்கிட்டு நடந்தா தாராவியே நின்னு பாக்கும். நாளைக்கும் இப்படித்தான் வருவேன். ஒனக்கு எது வேணும்னு சொல்லு."

பின்னால் செருப்புச் சத்தம் நின்றுவிட்டது. தங்கமயில் திரும்பினாள். அவ்வளவு தள்ளி நின்று அம்மா முறைப்பது அவளுக்குத் தெரிந்தது அதுதான் முதல் தடவை. நெற்றிச் சுருக்கம்கூடத் தெரிந்தது. அவள் காகிதத்தை இறக்கவில்லை.

"எந்த ஆஸ்பத்திரின்னு சொன்னாவ?" என்றாள் ஆறுமுகத்தாய்.