இருநூற்று எழுபத்து மூன்றாம் பக்கத்துக்காரர்கள்

ஊரடங்கின் நாற்பத்தோராம் நாள் மாலை நான்கு மணிக்கு, ஒரு நாவலின் இருநூற்று எழுபத்து மூன்றாம் பக்கத்திலிருந்து பதினொரு பேர் இறங்கி வந்து மருந்துக்கடை வாசலில் வரிசையாக நின்றார்கள். அவர்களை முதலில் பார்த்தவள் மருந்தக்கா. பார்த்தது கால்களை மட்டும்தான். கடையை நான்கு மணியிலிருந்து ஆறு வரை திறக்கலாம், ஷட்டரை இடுப்பளவுக்கு மேல் தூக்கக் கூடாது என்பது உத்தரவு. வாங்க வருகிறவர்கள் குனிந்து சீட்டை நீட்ட வேண்டும். நாற்பது நாளில் ஊரில் பாதிப் பேரைச் செருப்பை வைத்தே அவள் அடையாளம் சொல்லப் பழகியிருந்தாள். அன்று ஷட்டருக்குக் கீழே தெரிந்த கால்களில் ஒன்றில்கூடச் செருப்பு இல்லை. கந்தல் சுற்றியிருந்தது, கணுக்கால்வரை சாம்பல் அப்பியிருந்தது. இருபது கால்கள் தரையில் ஊன்றியிருந்தன, இரண்டு அந்தரத்தில் தொங்கின. தொங்கியவை கதையில் வரும் மூச்சுத்திணறல்காரியின் கால்கள் என்று மருந்தக்காவுக்குப் பார்த்ததும் தெரிந்துவிட்டது. ஏனென்றால் முந்தின நாள்தான் அவர்களை ஒரு பாலத்தின் நடுவில் விட்டுவிட்டுப் புத்தகத்தை மூடி வைத்திருந்தாள்.

அந்தப் புத்தகம் எதிர்க்கடைக்காரருடையது. வாடகைக்குப் புத்தகம் விட்டுக்கொண்டிருந்த அவர், கலவரம் தொடங்கிய வாரத்தில் குடும்பத்தோடு கிளம்பும்போது, பத்திரமாக வைத்துக்கொள்ளச் சொல்லி ஒரு சாக்கு நிறைய நாவல்களை அவளிடம் தந்துவிட்டுப் போனார். எல்லாமே உலகம் அழிந்த கதைகள். ஒன்றில் கடல் ஏறி வந்தது, ஒன்றில் தண்ணீர் வற்றியது, ஒன்றில் அரசாங்கமே கனவுகளைப் பறிமுதல் செய்தது. மருந்தக்கா வரிசையாகப் படித்துத் தள்ளினாள். அவள் கணவர் பேருந்து ஓட்டுநர். டிப்போவில் பேருந்துகள் எரிந்துபோனதால் வீட்டில் இருந்தபடி சுவரைப் பார்த்து ஓட்டிக்கொண்டிருந்தார். "வெளிய நடக்கறது பத்தாதா? இதை வேற உக்காந்து படிக்கணுமா?" என்று கேட்டார். "இதுல இன்னும் மோசமா இருக்குங்க. படிச்சிட்டு ஜன்னல் வழியா பார்த்தா நம்ம ஊரு பரவால்லன்னு தோணுது" என்றாள் அவள். உண்மை அதுதான். ஆனால் முழு உண்மை இல்லை. அவளுக்கு அந்தக் கதைகள் இனித்தன. அடுத்தவர்கள் பசியில் வாடுவதைப் படிக்கும்போது தன் தட்டில் இருப்பது ருசித்தது. இதை அவள் யாரிடமும் சொல்லவில்லை.

நாற்பதாம் நாள் மாலை ஐந்தே முக்காலுக்குக் கடிகாரம் பழுது பார்ப்பவர் வந்தார். வலது காலில் தன் பழுப்புத் தோல் செருப்பும், இடது காலில் மனைவியின் நீல ரப்பர் செருப்பும் போட்டிருந்தார். இருட்டில் கைக்குக் கிடைத்ததை மாட்டிக்கொண்டு ஓடி வருகிறவர் இல்லை அவர். திருகாணிகளை அளவுவாரியாக அடுக்கி வைக்கிற மனிதர். அவசரம் என்பதை அந்தச் செருப்பே சொன்னது. "ஏம்மா, இன்ஹேலர் இருக்கா? அவளுக்கு மூச்சே விட முடியல" என்றார். ஒன்றே ஒன்று இருந்தது. மேல் தட்டில், பஞ்சுப் பெட்டிக்குப் பின்னால். அதை எடுக்கப் பின்கட்டில் கிடந்த அட்டைப்பெட்டிகளை நகர்த்தி, ஏணியைக் கொண்டுவந்து, ஏறி இறங்க வேண்டும். மூன்று நிமிட வேலை. ஆறு மணிக்கு மின்சாரம் போய்விடும். புத்தகத்தில் பத்துப் பேர் ஒருத்தியைத் தூக்கிக்கொண்டு சாம்பல் மழையில் பாலத்தைக் கடந்துகொண்டிருந்தார்கள். அவளுக்கு மூச்சு அடைத்துக்கொண்டிருந்தது. மருந்தக்கா அவளுக்காகக் கண்ணீர் விட்டுக்கொண்டிருந்தாள், இன்னும் முப்பது பக்கம்தான் பாக்கி. "ஸ்டாக் இல்லண்ணே" என்றாள். குரல் தழுதழுத்தது. "நீ அழாதம்மா, நான் வேற எடத்துல பாக்குறேன்" என்று சொல்லிவிட்டுப் போனார். ஒரு செருப்பு தரையில் அடித்தது, மற்றது சத்தம் போடவில்லை. தெருமுனை வரை அந்த ஒற்றைச் சத்தம் கேட்டது. அதன் பிறகு அவளால் பக்கத்தைத் திருப்ப முடியவில்லை. வேறு எந்த மருந்துக்கடையும் அன்று திறந்திருக்கவில்லை என்பது அவளுக்கும் தெரியும்.

கடிகாரக்காரரின் மனைவி விடிவதற்குள் இறந்துபோனாள். மறுநாள் வரிசையில் பதினொரு பேருக்குப் பின்னால் நின்ற பால்காரர்தான் குனிந்து இதைச் சொன்னார். மருந்தக்கா பின்கட்டுக்குப் போய் அட்டைப்பெட்டிகளை நகர்த்தினாள். ஏணியில் ஏறினாள், இன்ஹேலரை எடுத்தாள், இறங்கினாள். சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தாள். மூன்று நிமிடம்கூட ஆகவில்லை. ஷட்டருக்கு அடியில் கையை நீட்டி, தொங்கிய கால்களுக்குரியவளிடம் அதைக் கொடுத்தாள். அவள் இரண்டு முறை உறிஞ்சினாள், கால்களைத் தரையில் ஊன்றினாள்.

பதினொரு பேரும் அதன் பிறகு போகவில்லை. ரோந்து வந்த அதிகாரி அவர்களை எண்ணிப் பார்த்தார். வாக்காளர் பட்டியலில் பெயர் இல்லாததால் கூட்டமாகக் கருத முடியாது என்று எழுதிக்கொண்டு போய்விட்டார். அவர்கள் குடிக்கத் தண்ணீர் மட்டும் கேட்டார்கள். மற்றவர்களுக்கு எப்போதும் வழிவிட்டார்கள். ஊர்க்காரர்களின் ஒரே மனத்தாங்கல் அவர்கள் மேலிருந்து உதிர்ந்துகொண்டே இருந்த சாம்பல்தான். அதை மருந்தக்கா தினமும் இரண்டு முறம் அள்ளிக் கொட்டினாள். ஊரடங்கு முடிந்தது, ஷட்டர் முழுதாக உயர்ந்தது, புதிய பேருந்துகள் வந்தன, அவள் கணவர் வேலைக்குத் திரும்பினார். புத்தகக்காரர் திரும்பி வந்து சாக்கை வாங்கிக்கொண்டார், ஒரு புத்தகம் குறைவதைக் கேட்கவில்லை.

கடிகாரக்காரர் மாதம் ஒருமுறை ரத்த அழுத்த மாத்திரை வாங்க வந்தார். வரும்போதெல்லாம் கடையில் யார் இருந்தாலும் சொல்வார்: "அன்னைக்கு என் பொண்டாட்டிக்காக இந்த ஊர்ல ஒருத்தர் அழுதாங்கன்னா அது இந்தப் பொண்ணுதான்." கேட்டவர்கள் மருந்தக்காவைக் கையெடுத்துக் கும்பிடாத குறைதான். அவளுக்கோ உடம்பெல்லாம் கூசும். பதினொரு பேரும் தலையைக் குனிந்துகொள்வார்கள். அவர்களுக்குத் தெரியும். இப்படி ஆறு ஆண்டுகள், எழுபத்திரண்டு முறை அந்தப் புகழ்ச்சியை வாங்கிக்கொண்டாள். வீட்டில் கணவரிடம்கூட வாய் திறக்கவில்லை.

எழுபத்து மூன்றாவது முறை, பதினொரு பேரைத் தவிர கடையில் வேறு ஆள் இல்லை. கடிகாரக்காரர் வாயைத் திறப்பதற்குள் அவள் சொன்னாள்: "நான் உங்களுக்காக அழலண்ணே. கதை படிச்சு அழுதுட்டிருந்தேன். மருந்து மேல் தட்டுல இருந்துச்சு. ஏணியைத் தூக்கச் சலிச்சுக்கிட்டு இல்லன்னு சொல்லிட்டேன்." வரிசையில் நின்றவளின் கையைக் காட்டினாள். "அதுதான் அது."

கடிகாரக்காரர் கோபப்படவில்லை. கோபப்பட்டிருந்தால் மருந்தக்கா பிழைத்திருப்பாள். அவர் வரிசையருகே போய், மூச்சுத்திணறல்காரியின் கையில் தேய்ந்துபோயிருந்த அந்தச் சின்ன நீலக் குழலைப் பார்த்தார். பிறகு அவள் மார்பு ஏறி இறங்குவதைப் பார்த்தார், கடிகாரத்தின் துடிப்பைச் சரிபார்க்கிறவர் பார்ப்பதுபோல, வெகுநேரம்.

"அந்தப் புத்தகம் எங்க?" என்று கேட்டார். அவள் கல்லாவுக்கு அடியிலிருந்து எடுத்துக் கொடுத்தாள்.

"மிச்சத்தைப் படிச்சியா?"

"இல்லண்ணே. ஒரு வரிகூட."

"கடைசியில இந்தம்மா பொழைக்குமா?"

"தெரியாது. அந்த முப்பது பக்கத்தைப் படிச்சாத்தான் தெரியும்."

"அப்ப நீ படிக்காத" என்றார். கொஞ்சம் பொறுத்து, "என்னைக்கும் படிக்காத" என்றார். புத்தகத்தை அக்குளில் இடுக்கிக்கொண்டு போய்விட்டார். அதை அவர் மனைவியின் அலமாரியில், அவள் புடவைகளுக்கு அடியில் வைத்துப் பூட்டியதாகப் பிறகு பால்காரர் சொன்னார். பூட்டுக்குச் சாவி இல்லை. சாவி இல்லாமல் திறக்கத் தெரிந்தவர் ஊரில் அவர் ஒருவர்தான்.

அடுத்த மாதமும் அவர் மாத்திரைக்கு வந்தார். பதினொரு பேரும் விலகி வழிவிட்டார்கள். அவர் முன்னால் போகாமல் அவர்களுக்குப் பின்னால் பன்னிரண்டாவது ஆளாக நின்றார், தன் முறை வந்ததும் சீட்டை நீட்டினார், அழுததைப் பற்றிய பேச்சை எடுக்கவில்லை. மருந்தக்கா மாத்திரையை எண்ணிக் கொடுத்தாள். ஏணி இப்போது கடை நடுவில் மேல் தட்டில் சாய்ந்தபடியே நிற்கிறது. வருகிறவர்கள் அதைச் சுற்றிக்கொண்டு போகிறார்கள், ஏன் என்று யாரும் கேட்பதில்லை. காலையில் அவள் ஷட்டரைத் தூக்குகிறாள், இருபத்திரண்டு கால்களும் தரையில் இருக்கின்றனவா என்று பார்த்துக்கொள்கிறாள், பிறகு சாம்பலைப் பெருக்க ஆரம்பிக்கிறாள்.