ஜபாருக்கு வந்த பிறந்தநாள் சலுகை

கற்பிட்டிக் கடைத்தெருவில் அபாயாக் கடை வைத்திருக்கும் ஹாசிமுக்கு அந்த வாரம் தூக்கமே இல்லை. எதிரே வந்த புதுக்கடை அவருடைய வாடிக்கையாளர்களை ஒவ்வொருவராக இழுத்துக்கொண்டிருந்தது. இந்தப் பெருநாள் வியாபாரமும் படுத்துவிட்டால் கடையை மூட வேண்டியதுதான். அதற்கு மருந்தாக அவர் ஒன்று கண்டுபிடித்திருந்தார். வாடிக்கையாளர் விபரங்களையெல்லாம் கணினியில் ஏற்றி, அவரவர் பிறந்தநாளுக்குச் சலுகைச் செய்தி அனுப்பப் போகிறார்.

மூன்று நாள் மண்டையைப் பிய்த்துக்கொண்டு படிவத்தையும் தானே எழுதினார். குடும்பத் தலைவர் பெயர், அவர் பிறந்த திகதி, அவருடைய தொலைபேசி எண், தொழில், விலாசம்.

கடையில் விற்பனைக்கு நிற்கும் ஷிம்லா படிவத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள்.

“நாநா, உடுப்பு வாங்க வாற பொம்பளைகள்ட பேரை எங்க போடுற?”

“அது என்னத்துக்கு தங்கச்சி? எல்லாரையும் எனக்குத் தெரியும் தானே. ஃபாஹிம்ட உம்மா, ஸியாத்ட ராத்தா, லெப்பைட பொஞ்சாதி...”

ஷிம்லா படிவத்தோடு கணினி முன் உட்கார்ந்தாள். சோதனைக்காக ஐம்பது பேரின் விபரம் கணினியில் ஏறியது. அது சரிவந்தால் ஆயிரம் படிவம் அச்சுக்குப் போகும்.

அதிலிருந்து நான்காம் நாள், பதினொரு மணியிருக்கும். கடை நிறையப் பெண்கள். கண்டக்குழி ஜபார் கடலிலிருந்து வந்த கையோடு, ஈரச் சாரனும் கையில் போனுமாக உள்ளே நுழைந்தார். பின்னால் அவர் மனைவி, ஃபாஹிமின் உம்மா, சிரிப்பை முந்தானைக்குள் அமுக்கிக்கொண்டு வந்தார்.

“ஹாசிம் நாநா, எனக்குப் பிறந்தநாள் வாழ்த்து அனுப்பியிரிக்கீங்க. அல்லாஹ் பரக்கத் செய்யட்டும். என்ட அழகுக்குத் தோதான அபாயா அரை விலையாம். இந்தா வந்திட்டன், அளவெடுங்க!”

இரண்டு கைகளையும் விரித்துக்கொண்டு நின்றார். கடையே சிரிப்பில் அதிர்ந்தது. ஹாசிமுக்கு விலா நொந்துவிட்டது.

சிரிப்போடு சிரிப்பாக ஷிம்லா பில் புத்தகத்தை ஹாசிம் பக்கம் தள்ளி, ஜபாரின் மனைவியைக் காட்டினாள். “சரி நாநா, சலுகையை ராத்தாக்கே குடுப்பம். பேரை எழுதுங்க.”

ஹாசிம் பேனாவை எடுத்தார். ஃபாஹிமின் உம்மாவுக்கு எந்த அளவு, எந்தக் கறுப்பு பிடிக்கும், கை எவ்வளவு நீளம் எல்லாம் அவருக்கு அத்துபடி. பெயர் மட்டும் வரவில்லை.

“பதினஞ்சு வருசமா வாறன் நாநா, ஒரு நாளும் கேக்கல்லயே,” என்றார் அந்தப் பெண், கோபமில்லாமல். “உம்மு குல்தூம் எண்டு எழுதுங்க. எதிர்க்கடையில முதல் நாளே கேட்டாங்க. அதான் ரெண்டு தரம் அங்கயும் போன.”

புதுக்கடையின் மாயம் என்னவென்று ஹாசிமுக்கு அப்போதுதான் புரிந்தது. வெட்கமாகவும் இருந்தது, சந்தோஷமாகவும் இருந்தது. தான் எழுதிய படிவத்தை இரண்டாகக் கிழித்துவிட்டு வெள்ளைத்தாள் ஒன்றை எடுத்தார். அவர் கேட்கும் முன்பே பெண்கள் மேசையைச் சூழ்ந்துகொண்டார்கள். “மபாஸா!” “ஸக்கியா!” “நாநா, என்ட பிறந்தநாள் வாற கிழமை!” கடை பெருநாள் காலை போலக் கலகலத்தது.

ஹாசிம் எழுதிய தாளை ஷிம்லாவிடம் நீட்டினார்.

“அச்சுக்காரருக்குச் செல்லு தங்கச்சி, படிவத்தில முதல் கட்டம் வாங்க வாறவங்கட சொந்தப் பேர். இன்னார்ட உம்மா, இன்னார்ட பொஞ்சாதி எண்டே எங்கட பொம்பளைகளை வெச்சிட்டம். அது பெரிய பிழை. ஒரு மனிசிக்கு மரியாத குடுக்கிறெண்டா, முதல்ல அவட பேரைக் கேக்கணும்.”